ஜோடியாக ஓடினால் மழை இல்லை

நானும் என் வீட்டுக்காரரும் முதன்முதலாகச் சேர்ந்து ஓடிய காலையில், எங்களைப் பார்த்து மரக்காணத்து உப்பளமே ஓடியது.

கடல் பக்கம் அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. அளத்தின் நடுவே போகும் பெரிய வரப்பின் மேல், ஒரு காசித்துண்டின் இரண்டு முனைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு ஓடினோம். இரண்டு பக்கமும் பாத்திகள். கணுக்கால் அளவு தண்ணீரில் நின்று ஆணும் பெண்ணுமாகப் பலகை போட்டு உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள்.

ஒருத்தி நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். கையிலிருந்த பலகையை அப்படியே போட்டாள். வரப்பில் ஏறி ஓட ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள் ஓடினாள். அப்புறம் அந்தப் பாத்தி, அதற்கு அடுத்த பாத்தி. கண்ணை மூடித் திறப்பதற்குள் அத்தனை பேரும் உப்புக் குவியல்களின் மேல் தென்னங்கீற்றை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"என்ன லோகா சத்தம்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"எல்லாரும் ஓடுறாங்க."

"எதுக்கு?"

"எனக்கென்ன தெரியும்? நம்மளப் பாத்துட்டுத்தான் ஓடுறாங்க போல."

"புடவைய ஒழுங்கா கட்டியிருக்கியா நீ?"

நின்றுவிட்டோம். அவர் குனிந்து முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். அப்படி அவர் சிரித்து மாதக் கணக்கில் ஆகியிருந்தது. ஊரையே கலைத்துவிட்ட குற்றத்தில் நிற்கிறோம் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

குழாய்

இந்தத் தொடரில் போன வாரம், மரக்காணத்துக்குக் குடிவந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "உங்கள் கணவர் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் என்கிறீர்கள். பிறகு எதற்கு அவருக்குத் தினமும் நீங்கள் பேப்பர் படித்துக் காட்டினீர்கள்?" நியாயமான கேள்வி. நான்தான் அந்த இடத்தைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

அவர் பெயர் தணிகாசலம். நல்ல உயரம். கால் இரண்டும் மூங்கில் மாதிரி இருக்கும். கல்யாணத்துக்கு முன்பு ஜில்லா அளவில் ஓடி இரண்டாவதாக வந்தவர். அதற்குக் கொடுத்த கோப்பையில் நான் தீப்பெட்டியும் திரிநூலும் போட்டு வைத்திருந்தேன். அதைப் பார்க்கும்போதெல்லாம், "ஒரு ஓட்டக்காரனோட மரியாதைய எங்க வச்சிருக்கா பாரு" என்பார். வேடிக்கையாகத்தான் சொல்வார்.

முதலில் சாயங்காலத்தில் தடுமாறினார். விளக்கு வைக்கிற நேரத்தில் கொடிக்கயிற்றில் முட்டிக்கொள்வார். மாலைக்கண் என்று நினைத்து முருங்கைக்கீரையும் ஈரலுமாக ஆக்கிப் போட்டேன். அப்புறம் பக்கவாட்டில் வருவது தெரியாமல் போனது. சோற்றுத் தட்டு தெரியும், அதன் பக்கத்தில் வைத்த தண்ணீர்ச் செம்பு தெரியாது.

பாண்டிச்சேரியில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். வயதானவர், நல்ல மனிதர். அரை மணி நேரம் பார்த்துவிட்டு, இவரிடம் சொல்லாமல் என்னை வாசல்படிக்குக் கூப்பிட்டுச் சொன்னார்.

"குழாய் வழியா பாக்கற மாதிரி இப்ப அவருக்குத் தெரியுதும்மா. அந்தக் குழாய் சின்னதாகிட்டே வரும். ஒரு நாள் அடைஞ்சிடும்."

"எப்ப டாக்டர்?"

"ஒரு வருஷம். ரெண்டு வருஷம்னு வச்சுக்கலாம்."

"மருந்து?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

திரும்பி வரும்போது பஸ் கோட்டக்குப்பம் தாண்டி, கீழ்புத்துப்பட்டு தாண்டி, சவுக்குத் தோப்புகளைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் வெளியே பார்க்கவே இல்லை. டாக்டர் சொன்னது அவர் காதிலும் விழுந்திருந்தது. இந்த மாதிரி விஷயங்களை வாசல்படியில் நின்று மெதுவாகப் பேசினால் உள்ளே கேட்காது என்று டாக்டர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

கிணற்றடி

அதற்கப்புறம் அவர் ஓடுவதை விட்டுவிட்டார். பள்ளிக்கூடம் போவார், விசில் ஊதுவார், வெயில் தாழ்வதற்கு முன்பே விளையாட்டை முடித்துவிட்டு வீட்டுக்கு வருவார். வந்ததும் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொள்வார். கேட்டதற்குப் பதில் சொல்வார். அவ்வளவுதான்.

ஒரு மத்தியானம் கொல்லைப் பக்கம் போனேன். கிணற்றின் கைப்பிடிச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றி உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். வாளி அதன் இடத்தில் இருந்தது. கயிறும் இருந்தது. தண்ணீர் எடுக்க வந்தவர் இல்லை அவர்.

"சாப்பிட வாங்க" என்றேன். வந்தார். நல்ல பிள்ளையாக ரசம் சோறு சாப்பிட்டார். அதற்கப்புறம் அவர் கொல்லைப் பக்கம் போனால் நானும் பின்னாலேயே போய்க் கிணற்றடியில் காவல் நின்றேன்.

என் பயம் கண்ணைப் பற்றியது இல்லை. கண் போகத்தான் போகிறது. அதை அழுது முடித்துவிட்டேன். கண் போன பிறகு இந்த மனிதர் உயிரோடு இருக்கச் சம்மதிப்பாரா என்பதுதான் என் பயம். அன்றிலிருந்து எழுந்தால், படுத்தால் எனக்கு அது ஒன்றுதான் நினைப்பு.

அன்று சாயங்காலமே கேட்டேன். "மறுபடியும் ஓடுங்களேன்."

"எதுல போயி முட்டிக்கவா?"

"நான் கூட வரேன். முன்னால என்ன இருக்குன்னு சொல்றேன்."

"நீயா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. வயதுக்கு வந்த நாளிலிருந்து நான் ஓடியதே கிடையாது. பஸ் கிளம்பிப் போனாலும் வேகமாக நடப்பேனே தவிர ஓட மாட்டேன். அவர் என்னைப் பெண் பார்க்க வந்தபோது, காபித் தட்டோடு கொஞ்சம் விறுவிறுவென்று வந்துவிட்டேன் என்று என் அம்மா அடுத்த நாள் வரைக்கும் திட்டினாள். பெண்பிள்ளை ஓடினால் வீட்டில் இழவு விழுந்திருக்க வேண்டும், இல்லை நெருப்புப் பிடித்திருக்க வேண்டும். மூன்றாவது காரணம் எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது.

"நான்தான்" என்றேன். "ஏன், எனக்குக் கால் இல்லையா?"

எங்கே ஓடுவது

கடற்கரையில் ஓடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். குப்பத்துக் கடற்கரையைக் காலை நேரத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். கயிறு, வலை, கட்டுமரம், அதற்கு நடுவே அவரவர் காலைக்கடன். கண் நன்றாக இருக்கிறவர்களே காலைப் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டிய இடம். ரோட்டில் லாரி வரும்.

அவர்தான் அளத்தைச் சொன்னார். பெரிய வரப்பு மாட்டு வண்டி போகிற அகலம். நேராகப் போகும். இரண்டு பக்கமும் உப்பு வெள்ளை வெளேரென்று கிடக்க, நடுவே வரப்பு மட்டும் கறுப்பு. "அந்தக் கறுப்பு எனக்கு இன்னும் தெரியுது லோகா" என்றார். அவர் குரலில் ஒரு சின்ன ஆசை இருந்தது. எனக்கு அது போதும்.

அப்படித்தான் அந்த முதல் காலை ஓடினோம், ஊரைக் கலைத்தோம்.

அன்று சாயங்காலம் அளத்து மேஸ்திரி ஏழுமலை வீட்டுக்கு வந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"மாஸ்டரு, தப்பா எடுத்துக்காதீங்க. அளத்துல சும்மா ஓடக்கூடாதுங்க."

"ஏன் மேஸ்திரி?"

"கடலோரம் இருக்கறவன் கண்ணுக்குத்தான் மொதல்ல மழை தெரியும். அவன் கத்துனா காத்துல கேக்காது. அதனால பெரிய வரப்பு மேல ஓடியாருவான். ஓடுறவன் தெரிஞ்சா நாங்க நிமிந்து வானத்தப் பாக்க மாட்டோம். பாத்துக்கினு நின்னா பாதி உப்பு கரைஞ்சி பூடும். நேரா கீத்தத்தான் இழுப்போம்."

என் வீட்டுக்காரருடைய முகம் விழுந்துவிட்டது. கிடைத்த ஒரு இடமும் போச்சு என்று நினைத்திருப்பார். மேஸ்திரி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். வாசல்படியைக் காலால் தடவித் தடவி இவர் இறங்கியதைப் பார்த்தபோதே மேஸ்திரிக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும்.

"சரி, ஒண்ணு பண்ணலாம்ங்க" என்றார். "எங்க ஆளுங்ககிட்ட சொல்லிடறேன். ஜோடியா ஓடுனா அது மாஸ்டரும் மாஸ்டரம்மாவும். கண்டுக்காதீங்க. ஒண்டியா ஓடுனா மழை. அது போதுங்களா?"

"போதும் மேஸ்திரி" என்றார் இவர். அவர் போன பிறகும், "நல்ல மனுஷன், நல்ல மனுஷன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நல்ல மனிதர்தான். அதில் இன்றைக்கும் எனக்கு மறுப்பு இல்லை.

துண்டு

அந்தக் கோடையை நினைத்தால் இப்போதும் நாக்கில் உப்பு கரிக்கிறது. ஓடி முடித்தால் உதடு, இமை, காதுமடல் எல்லாம் உப்பாக இருக்கும். முதல் வாரம் எனக்கு நெஞ்சு அடைத்தது. இரண்டு பாத்தி தூரத்திலேயே உட்கார்ந்துவிடுவேன்.

"வாயால மூச்சு விடாத. மூக்கால இழு. தோள எறக்கு. சண்டைக்குப் போறவ மாதிரி ஏன் ஓடுற?" என்பார்.

"முன்னால கல்லு" என்பேன் நான்.

அப்படியே பழகியது. அவர் எனக்கு மூச்சைச் சொல்லிக் கொடுத்தார், நான் அவருக்குத் தரையைச் சொன்னேன். மேடு, பள்ளம், வண்டித் தடம், கூடையோடு வருகிற ஆள். கழுவெளிக் காயலிலிருந்து தண்ணீர் வரும் மதகு வரைக்கும் ஓடுவோம். மதகுக்கு முன்னால் வரப்பு இடது பக்கம் வளையும். அங்கே துண்டை இரண்டு தடவை இழுப்பேன். நின்று, திரும்பி, நடந்து வருவோம்.

அளத்துப் பெண்கள் கிண்டல் செய்வார்கள். அஞ்சலை என்று ஒருத்தி, வாய்க்கு வாய்ப் பேசுகிறவள், முதல் நாள் முதலில் ஓடியவளும் அவள்தான்.

"இன்னா மாஸ்டரம்மா, துண்டப் புடிச்சிக்கினு தெனமும் கல்யாணமா?"

"உனக்குப் பொறாமையா இருந்தா உன் வீட்டுக்காரர இட்டுக்கினு வா" என்பேன்.

"அவன் ஓடுவான். சாராயக் கடைக்கு ஓடுவான். பின்னால ஓட என்னால ஆவாது."

அவர் இதையெல்லாம் கேட்டுச் சிரித்தபடி வருவார். வீட்டில் நாற்காலி சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. கிணற்றடியில் நான் காவல் இருப்பதை விட்டேன். கடவுளே, பிழைத்துக்கொண்டார் என்று நினைத்தேன். அப்படி நினைக்கும்போது எனக்கு எவ்வளவு கர்வம்! என் காலால் ஓடி ஒரு மனிதரைக் காப்பாற்றிவிட்டேன் என்று.

அண்ணன்

ஆடி மாதம் அண்ணன் வந்தான். ஊரில் யாரோ சொல்லி விஷயம் தெரிந்து வந்திருந்தான். அடுக்களையில் என் பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"புள்ள குட்டியும் இல்ல. உனக்கென்ன வயசாயிடுச்சி இப்ப? அவர அவங்க அண்ணன் வீட்டுல விட்டுட்டு நீ நம்ம வீட்டுக்கு வந்துடு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

கையில் இருந்த கரண்டியால் அவனை அடிக்கவில்லை. அது ஒன்றுதான் செய்யவில்லை. சாப்பிடாமல் அடுத்த பஸ்ஸில் போய்ச் சேர்ந்தான்.

கூடத்தில் அவர் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். கண் குறையக் குறையக் காது கூர்மையாகிவிட்ட மனிதர். கேட்டிருப்பார். ஆனால் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. "உங்க அண்ணன் ஏன் சாப்பிடாம போயிட்டான்?" என்றார். "அவனுக்கு வயிறு சரியில்ல" என்றேன். "ம்" என்றார்.

அதே மாதத்தில்தான் பள்ளிக்கூடத்தில் விழுந்தார். கொடிக்கம்பத்து மேடையில் இடறி, எல்லாப் பிள்ளைகளும் வரிசையில் நிற்கும்போது விழுந்தார். தலைமையாசிரியர் கூப்பிட்டு லீவு போடச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னாராம். மரியாதையாகச் சொன்னால் வேலை போகிற வலி குறையும் என்று நினைக்கிறவர்கள் உண்டு.

அந்த வாரம் ஓடும்போது, "இன்னிக்கு இருட்டா இருக்குல்ல?" என்றார்.

வெயில் வந்துவிட்டிருந்தது. உப்பு கண்ணைக் கூசச் செய்தது.

"ஆமா, மேகமா இருக்கு" என்றேன்.

வரப்பின் கறுப்பு அவருக்குத் தெரியாமல் போயிருந்தது. துண்டின் அந்த முனை என் கையைப் பலமாக இழுத்தது. அன்றிலிருந்து அவர் சிரிக்கவும் இல்லை, மூச்சைப் பற்றி எனக்கு எதுவும் சொல்லவும் இல்லை. நாற்காலி மறுபடியும் சுவரைப் பார்த்துத் திரும்பியது. ஆனால் ஓடுவதற்கு மட்டும் தினமும் வந்தார். அதை ஒரு நம்பிக்கையாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய வேகம்

கடைசியாக ஓடிய நாள் நல்ல வெளிச்சமான நாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. காற்று கடலிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது.

பாதி தூரம் போனதும், "லோகா, துண்ட விடு" என்றார்.

"எதுக்கு?"

"ஒரு தடவ ஒண்டியா ஓடிப் பாக்கறேன்."

"வேணாங்க."

"நேர்ப் பாதைதான? எனக்கு மனப்பாடம்."

"வேணாம்னு சொல்றேன்ல?"

நான் விடவில்லை. அவர் விட்டுவிட்டார். கையை விரித்துவிட்டு ஓடினார்.

எப்படிச் சொல்வது அதை? அந்த மாதிரி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததே இல்லை. தலை நிமிர்ந்து, கை வீசி, கால் தரையில் பட்டதா என்று சந்தேகப்படும்படி போனார். நானும் என்னால் முடிந்த மட்டும் ஓடினேன். எட்டவே முடியவில்லை. இத்தனை மாதமும் அவர் என் வேகத்துக்குத்தான் ஓடியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் அவரைக் கூட்டிக்கொண்டு ஓடுவதாக நினைத்திருந்தேன்.

"திரும்பணும், திரும்பணும்" என்று கத்தினேன். காற்று என் குரலை அடித்துக்கொண்டு போய்விட்டது. வரப்பு இடது பக்கம் வளைந்தது. அவர் நேராகப் போனார்.

மதகு வாய்க்காலில் விழுந்தார். கரைக் கல்லில் கால் மாட்டி முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

நான் போய்ப் பார்த்தபோது மதகின் மரச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிடந்தார். நின்றால் இடுப்பளவு தண்ணீர்தான். அவரால் நிற்க முடியவில்லை. கடல் ஏறுகிற நேரம், கழுவெளித் தண்ணீர் மதகு வழியாகத் திமுதிமுவென்று உள்ளே வந்துகொண்டிருந்தது. மோவாய் வரைக்கும் தண்ணீர். நான் சரிந்து இறங்கி அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். சேறு என்னை முழங்கால் வரை இழுத்தது. அவரை ஒரு சாண்கூடத் தூக்க முடியவில்லை.

"கெட்டியா புடிச்சுக்கங்க. ஆளக் கூட்டிட்டு வரேன்" என்றேன்.

நான் கரையேறி ஓடினேன்.

ஒண்டியாக

பெரிய வரப்பில் நான் தனியாக ஓடிவந்தேன். பாத்திகளில் அத்தனை பேரும் இருந்தார்கள். அஞ்சலை இருந்தாள். மேஸ்திரி இருந்தார். கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடினேன்.

அஞ்சலை நிமிர்ந்து பார்த்தாள். பலகையைப் போட்டாள். திரும்பி ஓடினாள்.

எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. எல்லாருடைய முதுகும் தெரிந்தது. எல்லாரும் என்னை விட்டு விலகிக் குவியல்களைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் வேகமாக ஓட ஓட அவர்களும் வேகமாக ஓடினார்கள். அப்பால் இருந்த அளத்திலும் பார்த்துவிட்டு ஓட ஆரம்பித்தார்கள். வானம் அப்படி வெளிறிக் கிடக்கிறது. ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் தலையைத் தூக்கி மேலே பார்த்திருந்தால் போதும். யாரும் பார்க்கவில்லை.

உப்புக் குவியலில் வைத்துத்தான் அஞ்சலையைப் பிடித்தேன். மூச்சு வாங்கிப் பேச்சு வரவில்லை. அவள் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஒரு கீற்றின் முனையை என் கையில் திணித்தாள்.

"அந்தாண்ட இழுங்க மாஸ்டரம்மா, சீக்கிரம்."

நான் அந்தக் கீற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதை நினைத்துத்தான் இப்போதும் எனக்கு நெஞ்சு வேகிறது. அவர் அங்கே தண்ணீரில் கிடக்கிறார், நான் இங்கே கையில் தென்னங்கீற்றோடு நிற்கிறேன். அப்புறம் அதை எறிந்துவிட்டு அவள் கொண்டையைப் பிடித்து முகத்தைத் திருப்பினேன்.

"மழை இல்லடி. அவரு. மதகுல அவரு."

அதற்குப் பிறகு ஓடினார்கள். என்னைவிட வேகமாக ஓடினார்கள். என் வீட்டுக்காரரின் மூக்கு வரைக்கும் தண்ணீர் ஏறியிருந்தது. மேஸ்திரி இறங்கி அவரைத் தாங்கினார். அவரது விரல்களைச் சட்டத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. கயிற்றுக் கட்டிலில் போட்டு, உப்பு லாரியில் ஏற்றிப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனோம்.

பிழைத்தார். தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில்

மறுநாள் மேஸ்திரி வந்தார். கட்டில் பக்கம் வரவில்லை. வராந்தாவில் குந்தி உட்கார்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"பழக்கம்மா. ஒண்டியா ஓடியாந்தீங்க. கையி தானா கீத்துக்குப் போயிடுச்சி."

அவரைத் தேற்ற வேண்டிய இடத்தில் நான் இருந்தேன். தேற்றவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். உப்பின் மேலும், கீற்றின் மேலும், அந்த மேகமில்லாத வானத்தின் மேலும் கோபம். கண்ணில் பட்ட எல்லாவற்றின் மேலும் கோபம்.

சாயங்காலம் என் வீட்டுக்காரருக்கு நினைவு நன்றாகத் தெளிந்தது. கால் மாவுக்கட்டோடு தொங்கிக்கொண்டிருந்தது. இட்லியைப் பிட்டு ஊட்டினேன். இரண்டு வாய் வாங்கிக்கொண்டு போதும் என்றார்.

"ரொம்ப நேரம் ஆயிடுச்சில்ல?" என்றேன். "எல்லாரும் மழைன்னு நெனச்சி உப்ப மூடப் போயிட்டாங்க. நான் என்ன பண்ணுவேன்? நான் சொல்லிட்டுப் போனது உங்களுக்குக் கேட்டுச்சா? ஆளக் கூட்டிட்டு வரேன்னு சொன்னேனே."

"கேட்டுச்சு."

"பயந்துட்டீங்களா?"

அவர் முகத்தை என் குரல் வந்த பக்கம் திருப்பினார். கண் என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தது.

"இல்ல லோகா. நீ ஓடுற சத்தம் கேட்டுச்சு. தூரமாப் போயி, அப்புறம் கேக்கவே இல்ல. ரொம்ப நேரம் யாரும் வரல. நீ போயிட்டேன்னு நெனச்சேன். உங்க அண்ணன் வீட்டுக்கு."

கையிலிருந்த இட்லித் தட்டைக் கீழே வைத்தேன்.

"நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. குறையாகச் சொல்லவில்லை. ஒரு நல்ல சேதியைச் சொல்கிற மாதிரி, அமைதியாகச் சொன்னார். பிறகு தண்ணீர் கேட்டார். கொடுத்தேன்.

அதற்குப் பிறகு

அடுத்த பொங்கலுக்குள் குழாய் முழுக்க அடைத்துவிட்டது. கால் கோணலாகக் கூடியது. வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். நான் பால்வாடியில் வேலைக்குச் சேர்ந்தேன். அளத்துப் பக்கம் அதற்கப்புறம் நான் போனதில்லை. அஞ்சலைதான் அவ்வப்போது வீட்டுக்கு வந்து மீன் கொடுத்துவிட்டுப் போவாள். வாய்க்கு வாய்ப் பேசுகிறவள், எங்கள் வீட்டில் மட்டும் பேச மாட்டாள்.

அவர் கிணற்றடிக்குப் போகவில்லை. எதையும் செய்துகொள்ளவில்லை. நான் பயந்தது நடக்கவில்லை. பல வருஷம் இருந்தார். நான் கூடவே இருந்தேன்.

அவருக்கு வெந்நீர் வைத்தேன், சவரம் செய்துவிட்டேன், பேப்பர் படித்தேன், சண்டை போட்டேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட வெளியூரில் தங்கியதில்லை. அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால்கூடத் தாலி கட்டியதும் பஸ் ஏறிவிடுவேன். இருக்கிறேன், இங்கேதான் இருக்கிறேன் என்று ஒரு மனிதருக்கு இதைவிட எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் மூன்று வீடு தள்ளி இருக்கிற கடையில் உப்பு, புளி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாலும், கதவைத் திறக்கிற சத்தம் கேட்டதும் அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

"வந்துட்டியா?" என்பார்.

ஆச்சரியமாகத்தான் கேட்பார். கடைசி வரைக்கும் அப்படித்தான் கேட்டார்.